உங்களுக்குத் தெரியுமா? கணினி ஜெட்டும் தோற்கும்
ஜெனீவா அருகே எல்எச்சி துகள் முடுக்கியில் புரோட்டான்கள் மோதும்போது தெறிக்கும், புரோட்டானின் உட்துகளான குவார்க்கை எந்தக் கருவியும் நேரில் காண்பதில்லை. அது, குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்களை உமிழ்ந்து, கடைசியில் பையான் போன்ற துகள்களின் குறுகிய கற்றையாக, அதாவது ஜெட்டாக, வந்து சேருகிறது. இடையில் நடந்ததை பித்தியா, ஹெர்விக் போன்ற நிரல்கள் பகடை உருட்டும் மான்டி கார்லோ முறையில் கணிக்கின்றன. நிரலின் எண்களைத் தரவுக்கு ஏற்பத் திருகிவிட்டு, பிறகு பொருந்துகிறது என்று மெச்சிக்கொள்வதா? கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த எண்களில் பல, 2000-இல் மூடப்பட்ட எல்இபி முடுக்கியின் எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல்களைக் கொண்டு அமைந்தவை. ஆகவே புரோட்டான் மோதலில் நிரல்கள் தோற்கலாம். தோற்றும் இருக்கின்றன: குவார்க் ஜெட்டுக்கும் அதைவிடப் பருத்த குளுவான் ஜெட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பித்தியா கூட்டியும் ஹெர்விக் குறைத்தும் சொல்ல, எல்எச்சியின் அட்லஸ் ஆய்வுக் குழு 2014-இல் வெளியிட்ட அளவீடு இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. காரணம், எல்இபியில் பெரும்பாலும் குவார்க் ஜெட்டுகளே கிடைத்தன. அதனால் குளுவான் கணக்கைச் சரிபார்க்க அங்கே தரவு குறைவு.