கணுக்காலுக்கு ஒரு கட்டு

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் எனச் சென்னையின் தென்புறநகர்த் திடல்களில் மாலைதோறும் கபடியும் கால்பந்தும் நடைபெறுகின்றன. விரைந்து திரும்பும்போது பாதம் உட்புறமாக மடங்கினால், கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்கள் அளவு கடந்து இழுபடும். சிலவேளைகளில் கிழியவும் கூடும். இதனையே சுளுக்கு என்கிறோம்.

காயமுற்ற உறுப்பைக் கட்டிக் காப்பது தமிழ் மருத்துவ மரபில் தொன்றுதொட்டு வருவதாகும். சித்த மருத்துவம் வகுத்துரைக்கும் 32 வகைப் புறமருந்துகளுள் கட்டு, பற்று, கொம்பு கட்டல் ஆகியன அடங்கும். மூலிகைகளை வைத்துத் துணியால் கட்டுவது கட்டு. மருந்தை அரைத்துப் பூசுவது பற்று. முறிந்த எலும்பு அசையாதவாறு சட்டம் வைத்துக் கட்டுவது கொம்பு கட்டல். இம்மருத்துவத்தில் உயர்கல்வி அளிக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானடோரியத்தில் அமைந்துள்ளது.

இன்றைய விளையாட்டு மருத்துவம் துணிக்கு மாற்றாக ஒட்டுப்பட்டையைப் பயன்படுத்துகிறது. நீளாத் தன்மையுடைய, துத்தநாக ஆக்சைடு கலந்த பசை பூசப்பட்ட பட்டையே கணுக்காலுக்கு ஏற்றது. பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்திக் கீழ்க்காலைச் சுற்றி முதற்பட்டை ஒட்டப்படும். பின்னர், உட்புறத்தில் தொடங்கிக் குதிகாலின் அடியாக வெளிப்புறம் ஏறும் பட்டைகள் ஒட்டப்படும். இவை பாதம் உட்புறம் மடங்குவதைத் தடுக்கின்றன. தோலில் ஏற்படும் இழுவிசை, மூட்டின் நிலையை மூளைக்கு உணர்த்தவும் உதவுகிறது. 1970களில் சப்பானியரான கென்சோ காசே உருவாக்கிய வண்ண மீள்பட்டை உலகெங்கும் பரவியுள்ளது. எனினும், அதன் பயனுக்கான அறிவியல் சான்றுகள் வலுவாக இல்லை.

ஒட்டுப்பட்டைக்கும் எல்லை உண்டு. வியர்வையாலும் ஓட்டத்தாலும் அதன் பிடிப்பு விரைவில் தளரும். இறுகக் கட்டினால் குருதியோட்டம் தடைப்படும். விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அதனை உடனே அகற்ற வேண்டும். அடிபட்டவுடன் நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிட்டாலும், கணுக்கால் எலும்பை அழுத்தும்போது வலித்தாலும், எலும்பு முறிந்திருக்கலாம். அப்போது பட்டை சுற்றிக்கொண்டு இறுதிப்போட்டியில் ஆட முனைவது, சில வாரங்களில் ஆறவேண்டிய காயத்தை நெடுநாள் ஊனமாக்கிவிடும். ஊடுகதிர்ப் படம் எடுத்து மருத்துவரின் அறிவுரை பெறுதலே முறை.

காயம் ஆறும் காலத்தில் ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவது, மீண்டும் சுளுக்கு ஏற்படும் வாய்ப்பைக் குறைக்கும். கட்டு காலைத் தாங்கும். அதனை வலுப்படுத்துவன ஓய்வும் பயிற்சியுமே ஆகும்.