முதல் ராத்திரிச் சோறு

புரட்டாசி பிறந்துவிட்டால் ஊத்துக்கோட்டைச் சாலையில் இருட்டிய பிறகுதான் கூட்டம். மஞ்சள் வேட்டி, தோளில் ஒரு பை, பெரும்பாலும் வெறுங்கால். சென்னையிலிருந்து திருப்பதிக்கு நடக்கிறவர்கள் தார் ரோட்டுச் சூட்டுக்குப் பயந்து சாயங்காலமே கிளம்பிவிடுவார்கள். சாலையோரத்தில் ஷாமியானா, டியூப்லைட், இரண்டு அண்டா. "கோவிந்தா! சாப்பிட்டுப் போங்க சாமி" என்று யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார். ஆரணி ஆற்றைத் தாண்டிச் சுருட்டப்பள்ளி போனதும் அதே அழைப்பு "தினி வெள்ளண்டி" ஆகிவிடுகிறது. தயிர்சாதம் என்னவோ அதே தயிர்சாதம்தான்.

சோறு போடுகிற இவர்கள் யார்? தெருக்காரர்கள் சேர்ந்த குழு, லாரி ஷெட் முதலாளி, மகனுக்கு வேலை கிடைத்தால் நூறு பேருக்குச் சோறு போடுவதாக வேண்டிக்கொண்ட அம்மா. அமைப்பு, ரசீது எதுவும் பெரும்பாலும் இருக்காது.

சென்னையிலிருந்து திருப்பதி சுமார் 140 கிலோமீட்டர். மூன்று நாள், நிதானமாக நடந்தால் நான்கு. திருவள்ளூர், திருத்தணி, நகரி ஒரு வழி; ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், நாராயணவனம் இன்னொரு வழி. இரண்டும் புத்தூரில் சேர்கின்றன. இரண்டாவது வழிக்குக் கிழக்கே இருக்கிறது சத்தியவேடு. இந்தச் சத்தியவேடு வட்டாரம் 1960 வரை சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஆந்திர எல்லையை மாற்றி வரைந்தபோது திருத்தணி இங்கே வந்தது, சத்தியவேடு அங்கே போனது. நடக்கிறவர்களுக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது பஸ் போர்டைப் பார்த்தால்தான் தெரியும்.

வழிநடைக்குச் சோறு போடுவது புதிய வழக்கம் இல்லை. 1830-ல் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பிய ஏனுகுல வீராசாமய்யா திருப்பதி வழியாகத்தான் போனார். அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். எந்த ஊரில் சத்திரம் உண்டு, எங்கே சாமான் கிடைக்கும் என்று தெலுங்கில் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். (அவர் பல்லக்கில் போனார், நடந்ததெல்லாம் கூட வந்தவர்கள்.) ரயில் வந்த பிறகு சத்திரங்கள் படுத்துவிட்டன. சத்திரம் செய்த வேலையைத்தான் வருஷத்துக்கு ஒரு மாதம் ஷாமியானா செய்கிறது.

மலை மேலே கதை வேறு. அங்கே எல்லாம் ஏற்பாடு. தரிகொண்டா வெங்கமாம்பா என்ற கவிஞர் பெயரில் அன்னப்பிரசாதக் கூடம் இருக்கிறது. தேவஸ்தானத்தின் அன்னதானத் திட்டம் 1985-ல், என்.டி.ராமராவ் முதல்வராக இருந்தபோது தொடங்கியது. 2000-ல் வந்த ஸ்ரீவாரி சேவையில் வெளியூர்க்காரர்கள் பெயர் கொடுத்து, சில நாள் தங்கிப் பந்தி பரிமாறி, வரிசை ஒழுங்கு செய்துவிட்டுப் போகிறார்கள். மலையடிவாரத்து அலிபிரியில் மூட்டையைக் கொடுத்தால் காசில்லாமல் மேலே வந்து சேரும். 3,550 படியும் கையை வீசிக்கொண்டு ஏறலாம். 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்ற பிறகு, ஏறுகிறவர்கள் கையில் ஒரு கம்பும் கொடுத்தார்கள்.

ஆனால் திண்டாட்டம் மலையேறும் கடைசி 9 கிலோமீட்டரில் இல்லை. முதல் ராத்திரியில் இருக்கிறது. நடந்து பழகாத கால் இருபதாவது கிலோமீட்டரில் கொப்புளம் போடும். வீட்டுக்குத் திரும்ப பஸ்ஸும் அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் ஒரு பெஞ்சு, ஒரு பக்கெட் வெந்நீர், கல்லுப்பு. ஊசியைத் தீயில் காட்டி, கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி நீரை எடுத்துவிட்டு, தோலை உரிக்காமல் துணி சுற்றிவிடுகிற ஒரு பெரியவர். அவர் கையில் கால் இருக்கும்போது பஸ் போய்விடும். அதுவே பாதி வைத்தியம்.

தொடக்கத்தில்தான் கை கொடுக்க வேண்டும் என்பதை அமெரிக்காவிலும் புரிந்துவைத்திருக்கிறார்கள். மெக்ஸிகோ எல்லையிலிருந்து கனடா வரை சுமார் 4,265 கிலோமீட்டர் ஓடும் பசிபிக் க்ரெஸ்ட் பாதையில் நடக்க வருகிறவர்கள் பலரும் சான் டியாகோவில்தான் வந்து இறங்குகிறார்கள். விமான நிலையத்தில் அழைத்துக்கொண்டு, வீட்டில் படுக்கவைத்து, விடியும் முன் எல்லைக் கம்பத்தில் கொண்டுவிடும் தன்னார்வலர்கள் அங்கே உண்டு. 'ட்ரெயில் ஏஞ்சல்' என்று பெயர். ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றுகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் கொடுப்பது 'ஒஸெத்தாய்'. அதை மறுக்கக் கூடாது. வாங்கியவர் தம் பெயர் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்.

நம் பக்கத்துக் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊர் ஓரத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் நான்கு பந்தல்; அடுத்த பத்துக் கிலோமீட்டருக்குத் தண்ணீர்கூட இல்லை. வயிறு நிறைந்தவனை மறித்து இன்னொரு தொன்னை புளியோதரை கொடுத்தால் அது அடுத்த வளைவில் குப்பையில் கிடக்கும். பெண்கள் ஒதுங்க இடம் கிடைப்பது பெரும்பாடு. ஒரு பெட்ரோல் பங்க்காரர் கழிவறையைத் திறந்து, லைட் போட்டு, 'பெண்கள் உபயோகிக்கலாம்' என்று அட்டை மாட்டினால் அவருக்கு எத்தனையோ அண்டா புளியோதரையின் புண்ணியம் சேரும் என்பது என் கணக்கு. திருவண்ணாமலை தீபத்துக்கு அன்னதானம் போடுகிறவர்கள் முன்அனுமதி வாங்க வேண்டும். எந்த இடம், எவ்வளவு பேர் என்று அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இந்தச் சாலைக்கும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். பந்தல்காரர்களே வைத்துக்கொண்டாலும் போதும்.

பந்தலில் காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஆனால் ஒன்று கேட்பார்கள். கை கழுவிக் கிளம்பும்போது ஒரு அம்மா பின்னாலேயே வருவார். மஞ்சள் துணியில் முடிந்த சில்லறை. "உண்டியல்ல போட்டுடு தம்பி. எங்களுக்காகவும் ஒரு கோவிந்தா சொல்லு." அடுத்த பந்தலில் இன்னொரு முடிச்சு. திருமலை உண்டியலுக்கு முன்னால், பின்னால் இருப்பவர்கள் நெருக்க, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எந்த முடிச்சு எந்த ஊர் அம்மாவுடையது என்று அதற்குள் மறந்திருக்கும்.