கசிவு ஒருவழிப் பாதை இல்ல: பழைய பாய்மரப் படகும் குடிதண்ணித் தொட்டியும்

இன்னைக்கு எபிசோட் தண்ணியைப் பத்தி. சுத்தி உப்புத் தண்ணி இருக்கிற ஒரு பழைய பாய்மரப் படகுக்குள்ள, குடிக்கிற தண்ணியை எப்படிப் பத்திரமா வச்சுக்கிறாங்க?

முதல்ல ஒரு நிஜக் கதை. சுஹைலின்னு ஒரு படகு. 32 அடி நீளம், தேக்கு மரம், கட்டினது பம்பாயில. 1968 ஜூன் 14 அன்னைக்கு ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அந்தப் படகுல தனியா இங்கிலாந்துல இருந்து கிளம்பினார். (காசிமேட்டுக்காரங்களுக்கு ஈசியா ஞாபகம் நிக்கும், நம்ம மீன்பிடித் தடைக்காலம் முடியுற தேதி!) எங்கேயும் நிக்காம உலகத்தைச் சுத்தி வரணும், அதுதான் கோல்டன் குளோப் போட்டி. 9 பேர் கிளம்பினதுல முடிச்சவர் இவர் ஒருத்தர்தான். ஆச்சு 312 நாள்.

தென் கடல்ல ஒரு புயல் படகைச் சாய்ச்சுப் போட்டுச்சு. படகு நிமிர்ந்துடுச்சு. ஆனா தொட்டியில இருந்த தண்ணி குடிக்க முடியாதபடி கெட்டுப்போச்சு. அதுக்கப்புறம் அவரைக் காப்பாத்தினது ரெண்டு விஷயம்: தனி கேன்கள்ல வச்சிருந்த தண்ணி, அப்புறம் பாய்ல வழிஞ்ச மழையைப் பிடிச்சுச் சேர்த்த தண்ணி.

நம்ம சாஃப்ட்வேர் பாஷையில இது 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்'. எல்லா டேட்டாவும் ஒரே சர்வர்ல இருந்தா என்ன ஆகுமோ, அதேதான். தொட்டி ஒழுகினா தண்ணி குறையும், அவ்வளவுதான். வெளியில இருக்கிறது உள்ள வந்தா, மொத்தத் தண்ணியும் ஒரே நேரத்துல போச்சு.

எங்கிருந்து உள்ள வருது?

பாய்மரப் படகுல தொட்டி பெரும்பாலும் இருக்கைக்கு அடியிலயோ, தரைப்பலகைக்குக் கீழயோ இருக்கும். அதுக்குப் பல வாசல். மேல்தளத்துல தண்ணி ஊத்துற மூடி ஒண்ணு. அதுல இருக்கிற ரப்பர் வளையம் வெயில்ல காஞ்சு வெடிச்சா, தளத்துல அடிக்கிற கடல் தண்ணி நேரா உள்ள இறங்கும். அடுத்தது காத்துக் குழாய். படகு ஒரு பக்கம் சாயும்போது அதோட வாய் கடலுக்குள்ள முங்கினா அது வழியாவும் உப்புத் தண்ணி ஏறும். இன்னொரு ஆபத்து, டீசல் மூடியும் தண்ணி மூடியும் பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி இருக்கிறது. எது எதுன்னு எழுதி வைக்கலேன்னா, அவசரத்துல மாத்தி ஊத்த ஒரு நிமிஷம் போதும்.

கசிவைக் கண்டுபிடிக்கிறது

படகோட அடிவயித்துல தண்ணி தேங்கியிருக்கா? அது கடல் தண்ணியா, தொட்டித் தண்ணியா? வீட்டுல ஆர்ஓ வாட்டருக்கு வைக்கிற டிடிஎஸ் மீட்டரை எடுங்க. கடல் தண்ணியோட டிடிஎஸ் சுமார் 35,000. வீட்டு மீட்டர் அளவு தாண்டிடுச்சுன்னு கையைத் தூக்கிடும். சில நூறு மட்டும் காட்டினா உங்க தொட்டியைச் சந்தேகப்படுங்க. அப்பவும் முதல்ல பார்க்க வேண்டியது தொட்டியை இல்ல. குழாய் இணைப்பு, கிளாம்ப், பம்ப்.

தொட்டியேதான் ஒழுகுதுன்னா, அது எதுல செஞ்சதுன்னு பாருங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா வெல்டிங் ஓரத்துல ஊசி ஓட்டை மாதிரி அரிக்கும். அதைத் திரும்ப வெல்டிங் பண்ணணும். ஃபைபர்னா குடிதண்ணிக்கு ஏத்த எபாக்சி பூசலாம். பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்ல சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. சூடு வச்சு வெல்டிங் பண்ணணும், இல்ல மாத்தணும்.

சுத்தம் பண்ற வரிசை

அழுகின முட்டை நாத்தம் வருதா? அது பாக்டீரியா உண்டாக்கற ஹைட்ரஜன் சல்ஃபைடா இருக்கலாம். மேல இருக்கிற மூடியைத் திறந்து, வழுவழுன்னு படிஞ்சதை முதல்ல தேய்ச்சு எடுங்க. அழுக்கு இருக்கும்போது குளோரின் ஊத்தினா, அது அந்த அழுக்கோட சண்டை போட்டே தீர்ந்துடும். அப்புறம் தொட்டியை நிரப்பி, வாசனை சேர்க்காத 5% பிளீச்சை ஒரு லிட்டர் தண்ணிக்கு 1 மில்லி கணக்குல கலங்க. 200 லிட்டர் தொட்டிக்கு 200 மில்லி. குழாய்லயும் அந்த வாசனை வர்ற வரைக்கும் திறந்து விட்டு, நாலு மணி நேரம் விடுங்க. அந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது. முழுசா வெளியேத்தி, வாசனை போற வரைக்கும் அலசணும். உலோகத் தொட்டியில ரொம்ப நேரம் விட்டா குளோரினே அரிக்கும். பிளீச்சோட வினிகர் மாதிரி எந்த அமிலத்தையும் சேர்க்காதீங்க, விஷவாயு வரும்.

நமக்கு இது எதுக்கு?

ராயபுரத்துலயோ திருவொற்றியூர்லயோ இருந்தா உங்ககிட்ட படகு இருக்காது, சம்ப் இருக்கும். தரைக்குக் கீழ இருக்கிற சம்ப்பும் ஒரு வகையில படகுத் தொட்டிதான். வெளியில நிலத்தடித் தண்ணி, பக்கத்துல சாக்கடைக் குழாய். நிறைஞ்சிருக்கும்போது விரிசல் வழியா வெளியே ஒழுகும். காலியா இருக்கும்போது அதே விரிசல் வழியா வெளித் தண்ணி உள்ள வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி வெள்ளம் வந்தா மூடி வழியாவே இறங்கும். அதனால மழைக்காலத்துக்கு முன்னாடி காலி பண்ணி, டார்ச் அடிச்சு விரிசல் இருக்கான்னு பாருங்க. மூடியைத் தரைமட்டத்துக்கு மேல உயர்த்துங்க. வெள்ளத் தண்ணி இறங்கிட்டா, சேறு அள்ளாம குளோரின் போடாதீங்க.

முக்கியமா, புயல் எச்சரிக்கை வந்தா குடிக்கிற தண்ணியை நாலு குடத்துலயும் ரெண்டு கேன்லயும் பிரிச்சு, மூடி போட்டு, உயரத்துல வைங்க. நம்ம பாட்டிங்க இதைப் படகு இல்லாமலே கத்து வச்சிருந்தாங்க.

உங்க வீட்டு சம்ப்பைக் கடைசியா எப்போ திறந்து பார்த்தாங்கன்னு இன்னைக்கே கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!