துறைமுகத்துல கூண்டு ஏறலையா? அப்போ கொடைக்கானல் கிளம்பலாம்!

ஆயுத பூஜை, விஜயதசமி, அதோட ஒரு சனி ஞாயிறு ஒட்டிக்கிட்டா போதும், ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்புல முதல் மெசேஜ் வந்துடும்: "மச்சி, கொடைக்கானல் போலாமா?" அடுத்த அரை மணி நேரத்துல நாற்பது மெசேஜ். யார் வர்றா, யார் வண்டி, எந்த ரூம், எத்தனை ஸ்பாட்… எல்லாம் பேசுவாங்க. ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்க மாட்டாங்க: அந்த வாரம் அங்க மழை எப்படி?

அந்தக் கேள்வியிலிருந்துதான் பிளான் ஆரம்பிக்கணும். ஏன்னு பார்ப்போம் மக்களே.

நம்ம ஊர் "இலையுதிர் காலம்" எது?

ரீல்ஸ்ல வர்ற சிவப்பு மேப்பிள் இலை, மஞ்சள் காடு எல்லாம் குளிர் நாடுகளோட கதை. பழனி மலையில இருக்கற சோலைக்காடுகள் வருஷம் முழுக்கப் பசுமையாவே இருக்கும். அக்டோபர், நவம்பர் நமக்கு இலை உதிர்ற காலம் இல்ல, வடகிழக்குப் பருவமழை இறங்கற காலம்.

தூத்துக்குடிக்காரங்களுக்கு இதுல ஒரு சிக்கல் உண்டு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை கேரளாவுல கொட்டும்; நாம மேற்குத் தொடர்ச்சி மலையோட மறைவுப் பக்கம் இருக்கறதால நமக்கு வெறும் காத்துதான். நாலு மாசம் வெயில்ல காய்ஞ்சுட்டு, அக்டோபர்ல லீவு கிடைச்சதும் மலைக்கு ஓடறோம். ஆனா பழனி மலைத்தொடர் கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கிறதால கொடைக்கானலுக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. அக்டோபரும் நவம்பரும் அங்க நல்ல மழை மாசங்கள்.

அப்போ போகவே கூடாதா? தாராளமா போகலாம். முத்துக்குளிப்பு நடந்த ஊர் நம்ம ஊர். 1961-ல நடந்த கடைசி சலாபம் வரைக்கும், ரெண்டு பருவக்காத்துக்கும் நடுவுல கடல் அமைதியா இருக்கற மாசங்களைப் பார்த்துத்தான் ஆள் இறக்கினாங்க. இன்னைக்கும் வானிலை பார்க்காம வள்ளம் இறங்காது. அந்தப் பழக்கத்தை அப்படியே மலைக்கும் கொண்டு போகணும், அவ்வளவுதான்.

எச்சரிக்கையைப் படிக்கிறது எப்படி?

துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறதை நாம பார்த்திருப்போம். 1-ம் எண் கூண்டுன்னா தூரத்துல ஏதோ உருவாகுதுன்னு அர்த்தம். 3-ம் எண்ணுன்னா துறைமுகத்துக்கே பலத்த காத்து வரலாம்.

தரையில இருக்கறவங்களுக்கு வானிலை ஆய்வு மையம் நிறத்துல சொல்லுது. பொதுவா மஞ்சள்னா கனமழை, அதாவது 24 மணி நேரத்துல சுமார் 6 முதல் 11 செ.மீ. ஆரஞ்சுன்னா மிக கனமழை, 12 முதல் 20 செ.மீ. அதுக்கு மேல சிவப்பு. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி திண்டுக்கல் மாவட்டத்துக்கு என்ன நிறம்னு பாருங்க, ஏன்னா கொடைக்கானல் அந்த மாவட்டத்துலதான் இருக்கு. வழியில வர்ற விருதுநகர், மதுரையையும் சேர்த்துப் பாருங்க. ஆரஞ்சோ சிவப்போ இருந்தா தேதியை மாத்துங்க. ரூம் அட்வான்ஸ் போனா போகட்டும்.

இது பயமுறுத்தறதுக்காகச் சொல்றதில்ல. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ.க்கு மேல கொட்டினதும், திருச்செந்தூர்ல இருந்து சென்னை கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நூத்துக்கணக்கான பயணிகளோட சிக்கினதும் நமக்கு மறக்காது. சமவெளியிலேயே அப்படின்னா, மலைப்பாதையில மண்ணு சரிஞ்சா மாற்று வழி தேடறதே கஷ்டம். 2024 மே மாசம் பழைய குற்றால அருவியில திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசு மாணவர் ஒருத்தர் இறந்தார். அருவிக்கு வர்ற தண்ணி மேல மலையில பெய்ற மழையைப் பொறுத்தது. நம்ம தலைக்கு மேல வானம் தெளிவா இருக்கறதால அருவி பாதுகாப்புன்னு ஆகாது. தடுப்பு போட்டிருந்தா அதுக்குக் காரணம் இருக்கு.

கொஞ்சம் இன்ஜினியரிங்

கடல் மட்டத்துல இருந்து 1,000 மீட்டர் ஏறினா வெப்பநிலை சராசரியா 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். கணக்குப் போட்டா 13, 14 டிகிரி வித்தியாசம். நம்ம ஊர்ல ராத்திரி 25 டிகிரின்னா அங்க 11, 12. ஒரு ஸ்வெட்டர், காதை மூடற குல்லா, ரெண்டு ஜோடி சாக்ஸ், குடை கட்டாயம். ஜீன்ஸ் நனைஞ்சா அங்க லேசுல காயாது.

அந்த உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல கிட்டத்தட்ட 78 சதவீதம்தான். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பறதும், தண்ணி 93 டிகிரியிலேயே கொதிக்கிறதும் அதனாலதான். மக்ரூன் எடுத்துட்டுப் போறவங்க டப்பாவை இறுக்கி மூடி வைங்க; ஈரக்காத்து பட்டா நமத்துப் போகும்.

இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. தொடர்ந்து மிதிச்சா சூடு ஏறி பிரேக் பிடிக்கிற திறன் குறையும். ஏறின கியர்லயே இறங்குங்க, இன்ஜினே வேகத்தைப் பிடிச்சு வைக்கும். நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

வளைவுல வாந்தி வர்றவங்க போனைப் பார்க்காதீங்க. உடம்பு திரும்பறதைக் காது உணருது, கண்ணோ அசையாத திரையைப் பார்க்குது. ரெண்டுக்கும் ஒத்துப்போகாததுதான் தலைசுத்தலுக்குக் காரணம். முன்சீட்டுல உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பாருங்க.

போறது எப்படி?

தூத்துக்குடியில இருந்து நாலுவழிச்சாலையில மதுரை மூணு மணி நேரம். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியா மலையேற நாலு மணி நேரம். பஸ்ல போறவங்க கவனிக்க: நம்ம ஊர் பஸ் மாட்டுத்தாவணியில இறக்கிவிடும், கொடைக்கானல் பஸ் ஆரப்பாளையத்துல. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினா மதியத்துக்குள்ள மேல போயிடலாம். ராத்திரியில மூடுபனிக்குள்ள மலை ஏற வேண்டாம்.

விஜயதசமி சமயத்துல குலசேகரன்பட்டினம் தசரா கூட்டம் இருக்கும். நம்ம மாவட்டத்துக்குள்ள பஸ் எல்லாம் நிரம்பி வழியும். முன்கூட்டியே சீட் பாருங்க.

சொந்த வண்டி, வாடகை வேன்ல போனா இ-பாஸ் எடுக்கணும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. அரசுப் பஸ்ல போனா தேவையில்ல. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு அங்க தடை, அதனால ஸ்டீல் பாட்டில் எடுத்துக்குங்க.

மூணு நாள், மூணே வேலை

பன்னிரண்டு ஸ்பாட்டை ரெண்டு நாள்ல முடிக்கிறது ஓய்வு இல்ல, அது இன்னொரு செமஸ்டர். இந்தக் காலத்துல பெரும்பாலும் காலையில வானம் திறந்திருக்கும், மதியத்துக்கு மேல மேகம் திரளும். அதனால காலையில ஒரு இடம், மதியம் கூரைக்குக் கீழ. இந்த ஒரு விதி போதும்.

முதல் நாள் போய்ச் சேர்ந்து சாப்பிட்டுத் தூங்குங்க. சாயங்காலம் மழை விட்டிருந்தா, 1863-ல உருவாக்கின ஏரியைச் சுத்தி ஒரு நடை.

ரெண்டாம் நாள் காலையில பூம்பாறை. படிப்படியா இறங்கற வயல், குழந்தை வேலப்பர் கோயில், புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு. வீட்டுக்கு வாங்கிட்டுப் போனா அம்மா திட்ட மாட்டாங்க. மதியம் ரூம்ல கேரம் போர்டு.

மூணாம் நாள் காலையில சூரிய ஆய்வகம். 1899-ல தொடங்கினது. 1909-ல ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிநோக்கி ஓடறதைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கும் அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேரு. பார்வையாளர் நேரத்தை முன்னாடியே கேட்டுக்குங்க.

நாலாம் நாள் லீவு இருந்தா, காலையிலயே இறங்கிடுங்க. இருட்டின பிறகு மதுரை - தூத்துக்குடி ரோட்டுல கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல, தூக்கக் கலக்கத்துல வண்டி ஓட்டறதுதான் மொத்த டிரிப்லயும் பெரிய ஆபத்து. பகல்ல வந்தா மறுநாள் முதல் ஹவர்ல முழிச்சும் இருக்கலாம்.

இப்போ குரூப்பைத் திறந்து ரூம் லிங்க் போடறதுக்கு முன்னாடி வானிலை முன்னறிவிப்பைப் போடுங்க. பச்சைன்னா பை கட்டுங்க. இல்லன்னா அடுத்த வாரம் பார்த்துக்கலாம், மலை எங்கயும் போயிடாது.