நீச்சல் குளத்தின் பம்ப் நீரை இழுக்கவில்லையா? பழுதைத் தேட வேண்டியது எங்கே?

பெங்களூரு: கோடை தொடங்கும் வேளையில் பெங்களூரு, ஐதராபாத் நகரங்களின் தனி வீடுகளிலும், லோனாவாலா போன்ற மலைப்பகுதிகளின் பண்ணை வீடுகளிலும் மாதக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடந்த நீச்சல் குளங்கள் மீண்டும் இயக்கப்படுகின்றன. பம்ப் ஓடும் ஓசை கேட்கிறது. ஆனால் நீர் சுழலவில்லை, இலைகள் மிதந்த இடத்திலேயே மிதக்கின்றன. உடனே மோட்டார் பழுது என்று முடிவு செய்து அதைக் கழற்றக் கொடுப்பவர்களே அதிகம். உண்மையில் பழுது பெரும்பாலும் மோட்டாரை எட்டுவதற்கு முன்பே, குளத்துக்கும் பம்புக்கும் இடைப்பட்ட பாதையில் இருக்கிறது. அதைச் சரியான வரிசையில் தேடினால் பணமும் நீரும் மிஞ்சும். தவறாகக் கையாண்டால் குளத்தில் இறங்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

குளத்தின் சுவரில் பதிக்கப்பட்ட சதுர வடிவ வாய்க்கு ஸ்கிம்மர் என்று பெயர். நீர்ப்பரப்பில் மிதக்கும் இலை, பூச்சி, எண்ணெய்ப் பசை ஆகியவற்றை அது உள்ளிழுக்கிறது. வாயில் ஊசலாடும் சிறு கதவும், உள்ளே குப்பையைப் பிடிக்கும் கூடையும் உண்டு. ஸ்கிம்மரிலிருந்து வரும் நீரும், குளத்தின் தரையிலுள்ள வடிகாலிலிருந்து வரும் நீரும் வால்வுகள் வழியே ஒன்றுசேர்ந்து பம்பை அடைகின்றன. பம்ப் அதனை மணல் வடிகட்டிக்குள் தள்ள, தெளிந்த நீர் சுவரிலுள்ள துவாரங்கள் வழியே குளத்துக்குத் திரும்புகிறது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.25 மீட்டர் ஆழம் கொண்ட வீட்டுக் குளத்தில் 40,000 லிட்டர் நீர் இருக்கும். மணிக்கு 6,000 லிட்டர் தள்ளும் பம்ப் அதை ஒருமுறை சுழற்றி முடிக்க ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரம் ஆகும். இந்த ஓட்டம் குறைந்தால் குளோரின் எல்லா இடத்துக்கும் பரவாது; சில நாட்களிலேயே நீர் பச்சை நிறமாகும்.

முதல் சந்தேகம் காற்றின் மீதே

பம்ப் நீரைத் தள்ளுவதற்காக வடிவமைக்கப்பட்டது. காற்றை அதனால் தள்ள இயலாது. எனவே முதலில் பார்க்க வேண்டியது நீர்மட்டத்தை. அது ஸ்கிம்மர் வாயின் நடுப்பகுதி வரை இருத்தல் வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் நீருடன் காற்றும் சுழித்துக்கொண்டு உள்ளே போகும். மிக அதிகமானாலும் பயனில்லை. ஊசல் கதவு முழுவதும் மூழ்கி, மேற்பரப்புக் குப்பையை இழுக்கும் விசை இல்லாமல் போய்விடும். அடுத்து ஸ்கிம்மர் கூடை, அதன் பின் பம்பின் முன்பக்கக் கூடை. மழைக்காலத்துக்குப் பின் இவ்விரண்டும் வேப்பிலையும் தலைமுடியும் அடைத்துக் கிடப்பது வழக்கமான காட்சி. ஊசல் கதவு மேல்நோக்கிச் சிக்கி நின்றாலும் நீர் வரத்து தடைபடும்.

கூடைகள் சுத்தமாக இருந்தும் குளத்துக்குத் திரும்பும் நீரில் குமிழ்கள் தொடர்ந்து வந்தால், பம்புக்கு முந்தைய பகுதியில் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். அங்கே நீர் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே இழுக்கப்படும். ஆகவே கசிவு கண்ணுக்குத் தெரியாது. பம்பின் கண்ணாடி மூடிக்கு அடியிலுள்ள ஓ-ரிங் எனும் ரப்பர் வளையமே பெரும்பாலும் இதற்குக் காரணம். வெயிலில் காய்ந்து வெடித்த வளையத்தை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவிப் பொருத்தினால் போதும். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை ஊதச் செய்யும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். வளையம் நன்றாக இருந்தால், பம்ப் ஓடும்போது ஒவ்வொரு குழாய் இணைப்பின் மீதும் சிறிது நீர் ஊற்றிப் பார்க்கலாம். எந்த இணைப்பில் ஊற்றும்போது குமிழ் சற்று நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. மோட்டாரின் மீது மட்டும் நீர் தெறிக்கக் கூடாது.

மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துவதும் வால்வுகளை அடைப்பதும் கட்டாயம். குளத்தின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வான அறையில் பம்ப் இருந்தால், வால்வை அடைக்காமல் திறக்கும்போது குளத்து நீர் அறையை நிரப்பிவிடும். வேலை முடிந்தபின் கூடைப் பகுதியில் நீர் நிரப்பி மூடிய பிறகே பம்பை இயக்க வேண்டும். நீரின்றி ஓடும் பம்பில் சீல் சூடேறிக் கெடும். வெப்பம் மிகுந்தால் அருகிலுள்ள பிவிசி குழாயே இளகி நெளியும்.

வடிகட்டியின் மேலுள்ள அழுத்தமானியை வீடுகளில் அதிகம் பேர் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் பழுது எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும் கருவி அதுவே. வழக்கத்தைவிட அழுத்தம் குறைந்தால் தடை பம்புக்கு முன்னால். கூடினால் பம்புக்குப் பின்னால். சுத்தமான நிலையில் இருந்த அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடும்போது மணல் வடிகட்டியை எதிர்த்திசையில் கழுவ வேண்டும். வால்வின் கைப்பிடியைப் பம்ப் ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் ரப்பர் கிழியும். அழுத்தம் குறைந்து, கூடைகளும் இணைப்புகளும் சரியாகவே இருந்தால், பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரில் முடியோ சிறு கல்லோ சிக்கியிருக்கக்கூடும். மோட்டார் சுழலாமல் உறுமினால் உடனே நிறுத்த வேண்டும். அச்சு இறுகியிருக்கலாம், கெப்பாசிட்டர் செயலிழந்திருக்கலாம், மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் அதை மின்பணியாளரிடம் விடுவதே முறை.

ஸ்கிம்மர் வால்வை அடைப்பதால் வரும் ஆபத்து

காற்று வருவதை நிறுத்த ஸ்கிம்மர் வால்வையே அடைத்துவிடுவது பராமரிப்பாளர்கள் சிலர் கையாளும் குறுக்குவழி. குமிழ் நின்றுவிடும், பழுது தீர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் அப்போது பம்பின் முழு இழுவிசையும் தரையிலுள்ள வடிகாலின் மீது திரும்புகிறது. இலை அடைத்த ஸ்கிம்மரும் இதே விளைவையே தரும். வடிகாலின் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால் நிலைமை விபரீதமாகும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள திறந்த வடிகாலை ஒரு குழந்தையின் உடல் அடைத்து, அங்கு அரை வளிமண்டல அளவுக்கு வெற்றிடம் உண்டானால், பிடித்திழுக்கும் விசை சுமார் 160 கிலோ எடைக்கு நிகராகும். பெரியவர் ஒருவரால்கூட அதிலிருந்து குழந்தையை விடுவிக்க இயலாது. பம்பை நிறுத்துவது ஒன்றே வழி.

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி வெந்நீர்த் தொட்டியின் வடிகாலில் இவ்வாறு சிக்கி உயிரிழந்தார். உடலைப் பிடித்துக்கொள்ளாத வகையில் வடிவமைக்கப்பட்ட வடிகால் மூடிகளையே விற்க வேண்டும் என்ற சட்டம் அங்கு 2007-இல் அவரது பெயரிலேயே இயற்றப்பட்டது. மூடி உடைந்த குளத்தில், புதிய மூடி பொருத்தும்வரை எவரும் இறங்கக் கூடாது. பம்பை நிறுத்தும் விசை எங்குள்ளது என்பதை வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகப் பணியாளர்களும் அறிந்திருக்க வேண்டும்.

நீர் குறைவது எதனால்?

ஸ்கிம்மரில் காற்று புகுவதற்கு நீர்மட்டம் இறங்குவதே காரணம் என்றால், அது ஏன் இறங்குகிறது என்பதையும் கண்டறிய வேண்டும். மேற்கூறிய குளத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 320 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிக் குளத்தின் படியில் வைத்து, உள்ளும் வெளியும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஒருநாள் கழித்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் ஆவியாதல். குளத்தில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் கசிவு. பம்ப் ஓடும்போது அதிகம் குறைந்தால் நீர் திரும்பும் குழாயில் கோளாறு. பம்ப் நின்றபோதும் குறைந்து, ஸ்கிம்மர் வாயின் அடிவிளிம்போடு நின்றுவிட்டால், ஸ்கிம்மரின் பிளாஸ்டிக்குக்கும் சுவருக்கும் இடையே விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். பம்பை நிறுத்திவிட்டு அவ்விடத்தில் சில சொட்டு உணவு நிறமியை விட்டால், விரிசல் அதனை உள்ளிழுப்பது கண்ணுக்கே தெரியும்.

இந்தக் கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாடு நிலவியபோது, நீச்சல் குளங்களில் குடிநீரைப் பயன்படுத்தப் பெங்களூரு குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. கசிவை அடைக்காமல் நாள்தோறும் குழாயைத் திறந்து குளத்தை நிரப்புவது அத்தகைய நகரில் அண்டை வீட்டாரின் நீரையும் வீணாக்குவதே.

மின்சாரம் குறித்த எச்சரிக்கையும் அதே நகரிலிருந்து வருகிறது. 2023 டிசம்பர் இறுதியில் அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தருகே மின்சாரம் தாக்கிச் சிறுமி ஒருவர் உயிரிழந்ததாகக் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. பம்புக்கும் குளத்து விளக்குகளுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்க வேண்டும். பம்ப் ஓடும்போது அது அடிக்கடி விழுந்தால், சீல் தேய்ந்து மோட்டாருக்குள் நீர் புகுந்திருக்கலாம். விழும் ஆர்சிசிபியை நீக்கிவிட்டு நேரடி இணைப்பு கொடுத்து பம்பை ஓட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அவ்வாறு இணைக்கப்பட்டிருந்தால், மின்பணியாளர் வந்து சரிசெய்யும்வரை பம்பை இயக்கவோ குளத்தில் இறங்கவோ கூடாது.