கையெழுத்துப் போட்டவளுக்கு ஒரு துணி

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடியுங்கள். சொல்ல வந்தது கொஞ்சம் நீளமான கதை.

1893-ல் நியூசிலாந்துப் பெண்கள் ஓட்டுரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்கு மனுக்கள் கொடுத்தார்கள். ஏறக்குறைய 32,000 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெரிய மனுவின் தாள்களையெல்லாம் இயக்கத் தலைவி கேட் ஷெப்பர்ட் ஒன்றோடொன்று ஒட்டித் துடைப்பக் கட்டையில் சுருட்டினார். நீளம் 270 மீட்டர்! நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜான் ஹால் அதை அவை நடுவே உருட்டிவிட்டார். அந்த வருஷம் செப்டம்பர் 19-ல் சட்டமும் வந்துவிட்டது.

அந்த மனுவில் 546 தாள்கள். சில வருஷங்களுக்கு முன் வெலிங்டனில் அதே கணக்குக்கு 546 துணித்துண்டுகளைக் கையால் அலங்கரித்து ஒரே நீளமாக இணைத்தார்கள். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் போதும். போட்டவள் யாரென்று விசாரித்துத் தைக்க நாள்கணக்காகும். அவ்வளவு நேரத்தை ஒரு பேருக்காகக் கொடுப்பது பெரிய மரியாதை.

நம் பக்கம் வருவோம். 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் சென்னையில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மான்டேகுவைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்டார்கள். 1921-ல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் அதைக் கொடுத்தது. ஆனால் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான்.

மதுரையில் அப்போது சுங்கடி கட்டிய சௌராஷ்டிரப் பெண்களை நினைத்துப் பாருங்கள். துணியை மடித்து, நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்குவார்கள். சாயத்தில் முக்கிக் காயவைத்து இழுத்தால் நூல் அவிழும். கட்டிய இடத்தில் சாயம் ஏறாத புள்ளி நிற்கும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். கூலிக்குக் கட்டியவர்களில் சொத்துக்காரிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரும்பாலானவர்களுக்கு ஓட்டு 1951-52 பொதுத்தேர்தலில்தான் கிடைத்தது. அப்போதும் தன் பேரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாய்’ என்று எழுதச் சொன்ன ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வடக்கே, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், மதுரை அவனியாபுரத்தில் நாம் ஒரு துணி செய்தால் அது சுங்கடியாகவே இருக்கட்டும். மான்டேகுவைப் பார்த்தவர்கள் பேர் புத்தகத்தில் இருக்கிறது. முதல் தேர்தலில் ஓட்டுப் போட்ட நம் வீட்டுப் பாட்டிகளின் பேரைப் புள்ளி புள்ளியாகக் கட்டுவோம். பேர் தெரியாவிட்டால் இப்போதே பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முந்தானை ஓரத்தில், முடிச்சுப் போட்ட பெண்ணின் பேரும் வரவேண்டும்.