ஓவன் இல்லாமல் இத்தாலி ரொட்டி!

சித்தூரிலும் திருப்பதியிலும் ஒற்றை அறையில் குடியிருந்து வேலைக்குப் போகும் தமிழர்களுக்கு இரவுச் சாப்பாடு பெரும் பிரச்னை. தினமும் கடையில் வாங்கிச் சாப்பிடக் கட்டுப்படியாகாது. ரொட்டி சுடலாம் என்றால் ஓவன் கிடையாது.

இவர்களுக்கு ஏற்றது இத்தாலியின் 'ஃபோகாச்சியா'. 'அடுப்பு' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஆந்திரத்தின் திப்ப ரொட்டி வாணலியில் மூடி போட்டு வேகிறதல்லவா? அதே முறை இதற்கும் போதும்.

கால் கிலோ மைதா, ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட், உப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு தேக்கரண்டி, சுமார் 175 மில்லி வெதுவெதுப்பான நீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்துத் தளர்வாகப் பிசைய வேண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். கொதிநீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். மாவு உப்பாது, காசும் வீண். விரல் பொறுக்கும் சூடே அளவு.

மூடி வைத்த மாவு இருமடங்கானதும் எண்ணெய் தடவிய கனமான வாணலியில் பரப்பி, விரலால் குழிகள் இட வேண்டும். இந்த ஊர் வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கும், புளிக்க விடக்கூடாது.

இத்தாலியரின் ஆரிகனோ இலை இல்லையா? இங்கே 'வாமாகு' எனப்படும் நம் கற்பூரவள்ளியை நறுக்கித் தூவலாம். இரண்டின் மணத்திற்கும் காரணமான கார்வக்ரால் ஒன்றே.

மூடி போட்டுச் சிறு தீயில் 12 நிமிடம், திருப்பி 6 நிமிடம். முதல் ரொட்டி கனத்துப் போனாலும் சோர்ந்துவிட வேண்டாம், அடுத்தது பஞ்சாகும்.